இரண்டு முறை கூப்பிட்ட குரல்

போனவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், பள்ளியில் உயிரியல் நடத்தும் என் நாத்தனார் செல்வி, படகோட்டி ஏழுமலை. நாள், போன சனிக்கிழமை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே உப்பங்கழி கடலில் சேரும் முகத்தில் ஆளில்லாத ஒரு திட்டு இருக்கிறது. நீளம் ஒன்றரை கிலோமீட்டர்தான். அதற்குள் சேறு, உவர்நிலம், மணல்மேடு, சவுக்குத் தோப்பு, நன்னீர்க் குட்டை என்று ஐந்து விதமான நிலம். ஒப்பிட்டுப் படம் எடுத்து மாணவிகளுக்குக் காட்ட வேண்டும் என்றாள் செல்வி.

ஊரப்பாக்கத்தில் காலை 6.10 மின்சார ரயில். செங்கல்பட்டில் இட்லி சாப்பிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம். பெருமாளைச் சேவித்துவிட்டு ஆட்டோவில் ஒன்பது கிலோமீட்டர். படகுக்குப் போய்வர எண்ணூறு ரூபாய்.

"இன்னாக்கா, வெயில் ஏறினப்புறம் வந்துகினு கீறீங்க?" என்றார் ஏழுமலை. "ஒரு மணிக்குள்ள கெளம்பிடணும், சொல்லிட்டேன்."

முதலில் சேறு. அலையாத்திச் செடிகளுக்கு அடியில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் நண்டுகள். நாங்கள் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் ஒரே நொடியில் வளைக்குள் போய்விட்டன. எதைக் கண்டு பயந்தன என்று தெரியவில்லை. அங்கேதான் காலடித் தடங்களையும் பார்த்தோம். வெறுங்கால், சின்னப் பாதம், திட்டின் உள்பக்கம் போகிறது. தடத்தில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

"நண்டு புடிக்கிறவங்களா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு யாரும் வர்லக்கா. இந்தப் பக்கம் என் படகு மட்டுந்தான்."

உவர்நிலத்தில் உமரிச்செடி சிவந்து கிடந்தது. மணல்மேட்டில் அடம்புக்கொடி, கடல் இரைச்சல், காற்று. தோப்புக்குள் நுழைந்ததும் அத்தனையும் நின்றது. சவுக்கு உதிர்த்த சருகு மெத்தையாகக் கிடக்க, எங்கள் காலடி எங்களுக்கே கேட்கவில்லை. அடியில் ஒரு புல் இல்லை, ஒரு குருவி இல்லை. தோப்பைத் தாண்டினால் குட்டை. கடலுக்கு இருநூறடியில் உப்பே இல்லாத தண்ணீர்! செல்வி நாக்கில் தொட்டுப் பார்த்தாள். குட்டையோரம் ஈர மண்ணில் இரண்டு முழங்கால் பதிந்த குழி இருந்தது. யாரோ மண்டியிட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள்.

"அண்ணி, போயிடலாம்" என்றாள்.

12.30க்குப் படகேறினோம். பாதிக் கழி தாண்டியிருப்போம். பின்னாலிருந்து "அக்கா!" என்று ஒரு பெண் குரல். நான் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"திரும்பாதக்கா!" ஏழுமலை துடுப்பை நிறுத்தினார். "மூணு தபா கூப்ட்டாத்தான் மனுசங்க."

ஆளில்லாத கரையிலிருந்து வரும் குரலுக்கு மூன்றாம் முறைதான் பதில் தருவது படகுக்காரர்கள் வழக்கமாம். "அக்கா!" இரண்டாவது முறை வந்தது. காத்திருந்தோம். முருகா முருகா என்று எனக்கு உதடு மட்டும் அசைந்தது.

என் கணவருக்குப் பயம் வந்தால் பேச்சும் வந்துவிடும். "இவ வூட்ல என்னைப் பத்து தபா கூப்பிடுவா ஏழுமலை. அப்ப இவ மனுசிதான், சந்தேகமே வாணாம்!" என்றார். ஏழுமலை சிரித்தார். செல்வி சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். பிறகு காது கொடுத்துக் கேட்டோம், ஒன்றும் இல்லை. படகு நகர்ந்தது.

கரையில் விசாரித்தோம், ஏழுமலையின் குப்பத்தில் யாரும் குறையவில்லை. காவல் நிலையத்தில் சொன்னோம், காணவில்லை என்று புகார் ஏதும் இல்லை என்றார்கள். நான் விடாமல் கேட்டதால் ஏழுமலை ஞாயிற்றுக்கிழமை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு போன் செய்தார். ஆள் இல்லை, கடல் ஏற்றத்தில் வந்த தண்ணீர் சேற்றுத் தடத்தையும் அழித்துவிட்டதாம்.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், சேற்றுக்குச் செருப்பு உதவாது. யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே படகைத் திருப்ப வேண்டும் என்று ஏறுவதற்கு முன்பே படகோட்டியிடம் சொல்லிவிடுங்கள். வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் குட்டைத் தண்ணீரை மண்டியிட்டுக் குடிக்கிற அளவுக்குக் களைத்த ஒருத்திக்கு மூன்றாவது முறை கூப்பிடத் தெம்பு இருந்திருக்குமா? கூப்பிட்டிருந்தாலும், நாங்கள் சிரித்த சிரிப்பில் அது எங்களுக்குக் கேட்டிருக்காது.

போன சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு அந்தத் திட்டில் இருந்தது நீங்கள் என்றாலோ, அங்கே போனவரை உங்களுக்குத் தெரியும் என்றாலோ, வீடு வந்து சேர்ந்தாயிற்று என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.