ரொட்டி கொடுக்கிற நாள்

இரக்கப்படுகிறவர்களைக் கண்டாலே செவ்வந்திக்கு ஆகாது. அன்னூர்ப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் தினக்கூலி ஆயாவாக இருந்தவள், இரக்கத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருந்தாள். அது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வரும். மூக்கில் கைக்குட்டை வைத்திருக்கும். கட்டிலுக்குக் கட்டில் "எப்படீங்க இருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகும். அது போட்டுவிட்டுப் போன பழத்தோலை அவள்தான் பொறுக்க வேண்டும்.

அவளுக்கு வாய் மோசம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. பொய்யில்லை. கக்கூஸ் போகக் கூப்பிட்டால், "எந்திரிங்க மகாராணி, பல்லக்கு வந்துருச்சு" என்பாள். திட்டிக்கொண்டேதான் தூக்குவாள். ஆனால் கூப்பிட்ட கட்டிலுக்குப் போகாமல் இருந்ததில்லை.

தொண்ணூற்று நாலாம் வருடம் ஆவணியில், ஆறாம் நம்பர் கட்டிலுக்குப் பாவாத்தாள் வந்து சேர்ந்தாள். தோட்டத்தில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்த கிழவி. எலும்பு நேராகக் கூடுவதற்குக் காலில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த மாதிரித் தோட்டங்களில் மூன்று தலைமுறையாகக் கூலிக்குக் குனிந்தவர்கள் செவ்வந்தியின் ஆட்கள். முதல் நாளே கிழவி தேனாகப் பேசினாள்.

"தண்ணிச் சொம்பை மட்டும் தொட்டுப்போடாதே கண்ணு. எங்கூட்டு ஆளுக வருவாங்க."

"அப்பப் பெட்பேனுங்க?"

"அதுக்கென்ன, அதை நீயே வெய்யி."

"ரொம்பப் பெரிய மனசுங்க ஆத்தா உங்களுக்கு."

வீட்டு ஆட்கள் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். கிழவி படுத்தபடியே போவதற்குப் பெட்பேன் வைக்கச் செவ்வந்திதான்.

கிழவி வந்த பதினெட்டாம் நாள், ஆஸ்பத்திரி டிரஸ்டியின் மகன் மோகன்குமாருக்குப் பிறந்தநாள். நோயாளிகளுக்கு ரொட்டியும் சாத்துக்குடியும் கொடுக்க வருகிறார். தலைமை நர்ஸ் கீதா காலையிலேயே செவ்வந்தியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பர்மனென்ட் லிஸ்ட்ல உங்க பேரை எழுதியிருக்கறேன். திங்கக்கிழமை டிரஸ்டி கையெழுத்துப் போடறாரு. இன்னிக்கு ஒரு நாள் அந்த வாயை மூடிக்கங்க, புண்ணியமாப் போகும்."

காந்திபுரத்திலிருந்து வந்த வீடியோக்காரன் வார்டை ஒரு சுற்றுப் பார்த்தான். "எல்லாருமே தெம்பா இருக்கறாங்க சார். ஆறாம் நம்பர் அம்மிணி மூஞ்சிதான் பாவமா இருக்குதுங்க."

கண் கூசும் லைட் எரிந்தது. பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மோகன்குமார் ரொட்டியைக் கிழவியின் கையில் வைத்தார். நிழல் விழுந்துவிட்டது என்று திரும்ப வாங்கி வைத்தார். மூன்றாவது தடவை வைக்கும்போது கிழவியின் முகம் கோணியது.

"இதேதானுங்க, இப்படியே இருங்க!" என்று கத்தினான் வீடியோக்காரன்.

அந்த முகத்தைச் செவ்வந்தி பதினெட்டு நாளாகப் படித்தவள். கிழவிக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பத்து ஆம்பளைகளுக்கு நடுவில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல், கட்டில் கம்பியைப் பிடித்தபடி செவ்வந்தியையே பார்த்தாள். இன்னும் ஒரு நிமிடம் போனால் எல்லாம் படுக்கையிலேயே, லைட் வெளிச்சத்திலேயே ஆகிவிடும்.

ஆகட்டுமே என்று செவ்வந்திக்குத் தோன்றியது. தோட்டத்து வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து வீடியோவில் பார்க்கட்டும். நினைக்க நினைக்க இனித்தது. அதற்குள் அவள் கை கட்டிலோரத் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தது.

"எல்லாரும் வெளிய போங்க. ஆத்தாளுக்கு ஊசி போடோணும்."

மோகன்குமார் சிரித்தார். "ஏனுங்க, ரெண்டே நிமிசம்."

"ஊசி போடறதையும் எடுத்துக்கலாமுங்க சார்," என்றான் வீடியோக்காரன்.

"இடுப்புல போடற ஊசி. உனக்கும் ஒண்ணு போடச் சொல்லட்டுமா?" லைட் ஒயரைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள்.

கூட்டம் விலகியது. பெட்பேனை வைக்கவும் சரியாக இருந்தது. கிழவி சுவரைப் பார்த்து விசும்பினாள்.

"அழுது போடாதீங்க. அந்த மூஞ்சிக்குன்னே மறுபடியும் வந்துருவான்."

வெளியே மோகன்குமார், "பரவாயில்லீங்க அம்மிணி, உங்க வேலையை நீங்க பாக்கறீங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் காரில் ஏறினார். திங்கட்கிழமை வந்த லிஸ்டில் செவ்வந்தியின் பேர் மேல் கோடு போட்டிருந்தது.

கீதாவுக்கு ஆற்றாமை. "போயும் போயும் அந்தக் கிழவிக்காகவா?"

"அவளுக்காகன்னு யாரு சொன்னா? அவ மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது," என்றாள் செவ்வந்தி. "பிடிச்ச ஆளுக்குத்தான் பெட்பேன் வெப்பேன்னா இந்த வார்டுல நான் யாருக்குங்க வெக்கறது?"

பினாயில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வார்டுக்குப் போனாள்.