மூன்றாம் ஓலை

என் அண்ணன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு மனசு வராது.

உத்திரமேரூர் பக்கம் எங்கள் காலனியில் ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் அங்கே வேதபாடம் நடக்கும். அண்ணன் அறுவடை மெஷினை வாடகைக்கு விடுகிறவன், சபைக்கு மூப்பன். நான் லைன்மேன். கம்பத்தில் ஏறி இறங்கிய நேரம் போக மீதி நேரமெல்லாம் வேதம் படித்தேன். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியவில்லை.

ஆறு நாளில் உலகம் உண்டானது என்றால் அண்ணனுக்கு ஆறே நாள்தான். விட்டால் மணிக்கணக்கையும் சொல்லிவிடுவான். ஒரு புதன்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

"எழுத்தையே புடிச்சிகினு தொங்காதண்ணா. இயேசு மனுஷன். சாவறதுக்கு மொத நாளு ராத்திரி தோட்டத்துல வேர்த்துப் போயி, இந்தச் சாவு வேணாம்னு கெஞ்சினாரு. கடவுளா இருந்தா யாருகிட்ட கெஞ்சுவாரு?"

"கடல அடக்கினது யாரு? செத்தவன எய்ப்பினது யாரு?" என்றான்.

"கடவுள் வந்து நம்மளோட ஒக்காந்து துன்னா அதுல இன்னா அதிசயம்? அவருக்கு இன்னா நஷ்டம்? ஒரு மனுஷன் ஒக்காந்து துன்னான்னு சொல்லு. அப்பதான் நம்மளோட துன்ன மாட்டேன்ற ஊருக்காரனுக்கு சாக்கு இல்லாம பூடும்."

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "நம்ம சனத்துல அடிபட்டு செத்தவங்க எத்தினி பேரு. ஒருத்தனாவது எய்ந்து வந்தானா? இவரு ஒருத்தருதான்டா வந்தாரு. அதையும் புடுங்கிக்கினு போறியா?"

அன்றைக்குக் குரலை உயர்த்திச் சமாளித்தேன்.

கொஞ்ச நாளில் என் மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. சாலவாக்கம் பக்கத்துப் பையன், அவளுக்கும் பிடித்திருந்தது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் எதுவும் சொல்லி நான் பார்த்ததில்லை.

முதல் ஓலை வாசித்த வாரம் அண்ணன் தனியாக வீட்டுக்கு வந்து, இயேசு மனுஷன் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னான். சிரித்து அனுப்பிவிட்டேன். இரண்டாவது வாரம் சபையில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அதையே சொன்னான். வந்தவர்கள் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு அண்ணனைப் போல் பேசிக்காட்டி என் மனைவியைச் சிரிக்கவைத்தேன். தப்பு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போ, கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அப்புறமும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று வேதத்தில் இருக்கிறது. எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். என் வீட்டுக் கூடத்திலேயே அது நடந்துகொண்டிருந்தபோது எனக்கு உறைக்கவில்லை. என் திமிர் அப்படி.

மூன்றாம் ஞாயிறு மாப்பிள்ளையின் அப்பாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போதகர் ஓலையை வாசித்துத் தடை உண்டா என்று கேட்டார். அண்ணன் எழுந்து போதகரைப் பார்த்தான்.

"பொண்ணு மேல குத்தமில்ல ஐயரே. பொண்ணக் குடுக்கறவன் இயேசு கடவுள் இல்லன்றான். தனியா சொன்னேன், சாட்சி வெச்சிகினு சொன்னேன். இப்ப சபைக்கு சொல்றேன்."

இதெல்லாம் கல்யாணத்துக்குத் தடையாகாது என்று போதகர் முணுமுணுத்தார். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். மகள் வேண்டாம், சொன்னதை மாற்றாதே என்பதுபோல் தலையாட்டினாள். என் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். நான் பேசியதை என்னைவிட அதிகமாக நம்பியவள். அவளைப் பார்க்காமல் எழுந்து, இயேசு கடவுள் என்று வாசல்வரை கேட்கும்படி சொன்னேன். சம்பந்தி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

கல்யாணத்தன்று பந்தியில் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "நான் மனசார சொல்லலண்ணா, தெரியுமா?" என்றேன்.

"தெரியும்டா. சபை கேட்டுச்சில்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயசம் கேட்டான்.

மகள் வாராவாரம் போன் செய்கிறாள். நாஷ்டா ஆச்சா, மாத்திரை போட்டியா என்று விசாரிக்கிறாள். முன்பெல்லாம் வேதத்தில் ஒரு இடம் புரியவில்லை என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் என்னைத்தான் கேட்பாள். இப்போது பெரியப்பாவைக் கேட்கிறாள் என்று மனைவி சொல்லித்தான் தெரிந்தது. போன வாரம் தாங்க முடியாமல் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"அவரு சொல்றத அவராச்சும் நம்பறாரு நைனா" என்றாள்.