முடிச்சூர் வீட்டில் திறக்காத பக்கம்

அம்மா இறந்த பிறகு சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடைசி மாதங்களில் அவளைக் கவனித்துக்கொண்டது தாம்பரத்திலிருந்து வீடு வீடாக நர்ஸ்களை அனுப்பும் ஒரு சிறிய அறக்கட்டளை. இனி குணமாகாது என்று ஆனவர்களின் வலியைக் குறைப்பதுதான் அவர்கள் வேலை. நான் சிறுசேரி ஐடி கம்பெனி ஒன்றில் ஜாவா புரோகிராமர். நோயாளிகளின் விவரங்களை நர்ஸ்களின் போனுக்கு அனுப்பும் அவர்களுடைய சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போய் நின்றேன்.

அம்மாவுக்கு வந்த அதே நர்ஸ்தான் ஒரு நாள் போன் செய்தாள்.

"அக்கா, பேஷண்ட் பேஜைத் திறந்தா ஒவ்வொண்ணா வருது. புண்ணோட போட்டோ, டாக்டர் எழுதினது, மாத்திரை சார்ட், எல்லாம் வரிசையில நிக்குது. வீட்டுல இருக்கறவங்க என் மூஞ்சியையே பாக்குறாங்க."

நேரில் பார்த்தால்தான் புரியும் என்று அடுத்த சனிக்கிழமை அவள் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

முடிச்சூரில், மழை வந்தால் தண்ணீர் நிற்கும் தெரு. கீழ்வீடு. நோயாளி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். வாயில் புற்றுநோய், பேச்சு போய்விட்டது. அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாத்திரை குடுத்தாலும் வலி அடங்கல மா. தலகாணியக் கடிச்சிகினு கெடக்குறாரு" என்றார்.

நர்ஸ் கட்டைப் பிரித்துப் புண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். தாம்பரத்தில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்து மார்ஃபின் அளவை எழுத வேண்டும். பதில் அந்தப் பக்கத்தில்தான் வரும். பக்கம் திறக்கவில்லை. போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் ஜன்னலோரம் போய் போனை உயர்த்திப் பிடித்தாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். அவருடைய கண்களும் அவளோடு போய் வந்தன. பிறகு மெல்லக் கையைத் தூக்கி பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். உட்காரும்மா, வரட்டும் என்பதுபோல. வலியில் கிடந்தவர் அவர். நர்ஸ் உட்கார்ந்தாள். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவின் அறையிலும் அந்த வட்டம் சுற்றியிருக்கிறது. அப்போது அது என் வேலை இல்லை.

விஷயம் இதுதான். பழைய முறையில் நர்ஸின் போன், சர்வரிடம் ஒன்றைக் கேட்டால், அது வந்து சேரும்வரை அந்த இணைப்பில் அடுத்ததைக் கேட்க முடியாது. ஒரே சமயத்தில் சில இணைப்புகளைத்தான் திறக்கும். எங்கள் பக்கத்திலோ பொடிப் பொடியாக ஏராளமான துண்டுகள். எச்டிடிபி 2 என்கிற புதிய முறையில் ஒரே இணைப்பில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். சிக்னல் மந்தமான தெருவில் அது பெரிய வித்தியாசம். எங்கள் புரோகிராமில் அதற்கு ஒரு வரி செட்டிங் போதும். ஆனால் சர்வரில் அந்தப் புரோகிராமை ஓட்டும் ஜாவா மிகப் பழையது. அந்த வரியைச் சேர்த்தால் புரோகிராம் கிளம்பவே மறுத்தது. ஜாவாவை மாற்றினால் மருந்துச் சீட்டு அச்சிடும் பகுதி உடைந்தது.

தாம்பரத்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். "ஓடிக்கிட்டு இருக்கறதைத் தொட்டு, அது மொத்தமா நின்னுட்டா?" என்றார். நியாயமான பயம். "நின்னா பழசையே திரும்பப் போட்டுடுவேன், மேடம்" என்றேன். "ஞாயித்துக்கிழமை காலைல செய்யுங்க. அப்போ யாரும் வீடுகளுக்குப் போறதில்ல" என்றார்.

மருந்துச் சீட்டுப் பகுதியை ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி எழுதினேன். அடுத்து வந்த ஒரு ஞாயிறன்று புதிய ஜாவாவையும் அந்த ஒரு வரியையும் போட்டேன். சர்வர் ஒழுங்காகக் கிளம்பியது. நர்ஸைக் கூப்பிட்டேன். சர்ச் வாசலில் இருந்தாள்.

"அப்படியேதான் இருக்குக்கா."

என் திரையிலும் பழைய முறை என்றே காட்டியது. ஒரு காபி குடித்துவிட்டு மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது. எங்கள் புரோகிராமுக்கு முன்னால், வருகிற இணைப்புகளை முதலில் வாங்கிக்கொள்ளும் இன்னொரு மென்பொருள் இருந்தது. போன்கள் பேசுவது அதோடுதான். அதற்குப் புதிய முறையைச் சொல்லவே இல்லை. அங்கேயும் சேர்த்தேன்.

"இப்போ பாரு."

"வந்துடுச்சுக்கா. மொத்தமா வந்துடுச்சு" என்றாள்.

"எந்தப் பேஷண்டைத் திறந்த?"

"முடிச்சூர் ஐயாவைத்தான்."

"எப்படி இருக்காரு?"

"வெள்ளிக்கிழமை போயிட்டாருக்கா. நீங்க வேலையில இருந்தீங்க, அதான் சொல்லல."

சர்ச்சில் பாட்டு ஆரம்பித்தது போனில் கேட்டது.

படுக்கைப் புண் வராமலிருக்க அவருக்கு அறக்கட்டளை கொடுத்திருந்த காற்று மெத்தையைத் திரும்ப வாங்க அடுத்த வாரம் முடிச்சூர் போனோம். அவர் மனைவி அதைத் துடைத்து, மடித்து, பழைய புடவையில் கட்டி வைத்திருந்தார். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "போனு இப்போ நல்லா கீதாமா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குமா. இந்த அக்காதான் சரி பண்ணாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேற யாருக்காவது ஒதவட்டும்" என்றார். மெத்தையைச் சொன்னாரா, போனைச் சொன்னாரா தெரியவில்லை. நான் தலையாட்டினேன்.

மெத்தை அன்றே வண்டலூரில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நர்ஸ் பக்கத்தைத் திறந்தாள். டாக்டர் எழுதியிருந்தது உடனே வந்து நின்றது, நல்ல செய்தி இல்லை. முன்பெல்லாம் வட்டம் சுற்றுகிற நேரத்தில் அவள் எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாம். இப்போது அந்த நேரம் இல்லை.

"டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று அந்தப் பெண் சுவரிடமே கேட்டாள்.

நர்ஸ் போனைப் பையில் போட்டுவிட்டு, கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் தரையில் மெத்தையை விரித்துக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.