நடந்து போன தூக்குப்போசி

போன வருடம் சித்திரை மாதம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு சைசிங் மில்லில், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் இடத்தில் எனக்கு வேலை. அங்கே பாய்லரிலிருந்து வரும் நீராவிக் குழாய்கள் இரண்டு, சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஒட்டினாற்போல் ஓடும். அவற்றின் மேல் தூக்குப்போசியை வைத்துவிட்டால் மதியம் சோறு சுடச்சுட இருக்கும். வால்வுக்குப் பக்கத்தில் என் இடம். தள்ளி, தூணருகே, கூட வேலை செய்யும் அக்காவின் இடம். இரண்டு போசியும் ஒரே கடையில் சேர்ந்து போய் வாங்கியவை, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

புது வால்வு மாட்டியதிலிருந்து குழாய் ஓயாமல் ஊளையிட்டது. அதே நேரம் என் முட்டைக் குழம்பும் காணாமல் போக ஆரம்பித்தது. என் இடம் காலி. தூணைத் தாண்டி ஒரு போசி நின்றது, திறந்தால் ரசஞ்சோறு. அக்காவோ என் குழம்பை வழித்து நக்கிக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே நடந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எம்பட சோத்தத் திங்கறதுக்கு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களாக்கா?"

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "எம்பட எடத்துல இருந்ததத்தானே எடுத்தேன்? மருமக மனசு மாறி முட்டை வெச்சுட்டான்னு நெனச்சேன் சாமி. நேத்து அவளப் பாராட்டிப் பூவெல்லாம் வாங்கிக் குடுத்தேனே! என்னையத் திருடிங்கறயா? நாளைக்கு நா வேலைக்கே வாரல, போ!"

எனக்குத் திக்கென்றது. அந்த மில்லில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்தான். ஆனாலும் வீம்பு விடவில்லை. ரசஞ்சோற்றுப் போசியை என் இடத்தில் டொக்கென்று வைத்தேன்.

அது நடக்க ஆரம்பித்தது. டகடகவென்று ஆடிக்கொண்டே தூணைப் பார்த்துப் போனது. நாங்கள் சண்டையை மறந்து வாயைப் பிளந்தோம். என் போசியும் இப்படித்தான் அக்காவின் இடத்துக்குப் போய், அவருடையதைத் தூணுக்கு அப்பால் தள்ளியிருக்கிறது.

"ஐயோ சாமி, போசிக்குக் கால் மொளச்சிருச்சு!" என்று அக்கா போட்ட கூச்சலில் இஞ்சினியரே ஓடிவந்தார். பார்த்ததும் பாய்லரை நிறுத்தச் சொன்னார். பாதி திறந்த வால்வுக்குள் நீராவி நெருக்கியடித்துப் பாயும்போது எழும் சத்தமே குழாயை அப்படி உதறுகிறதாம். வால்வை ஒட்டிய சின்னக் குழாயின் பற்றவைப்பு வேறு விரிசல் விட்டிருந்தது. அதன் நேர் எதிரில்தான் தினமும் உட்கார்ந்து சாப்பிடுவோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நீராவி எங்கள் முகத்திலேயே அடித்திருக்கும்.

மறுநாள் அக்கா வருவாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். அடையாளத்துக்குத் தன் போசியின் காதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். மதியம் திறந்தால், முட்டைக் குழம்பு! இந்த முறை அவர் மருமகளே வைத்தது.

"பூ வாங்கிக் குடுத்தது வீண் போவலீங்க்கா," என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பாதி முட்டையை என் தட்டில் வைத்தார்.

செய்யாத குழம்புக்குக் கிடைத்த பாராட்டு ஒரு மருமகளைக் குழம்பு வைக்கச் செய்ததையும், செய்யாத திருட்டுக்கு நான் சொன்ன பழி ஒரு நல்ல மனுஷியை விரட்டப் பார்த்ததையும் நினைக்கும்போதெல்லாம், வாயைத் திறக்குமுன் கொஞ்சம் யோசிக்கிறேன்.