பிள்ளையார்பாளையத்தில் ஒரு படைக்குறைப்பு மனு

காலை ஏழேகாலுக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். பையில் ஒரே ஒரு காகிதம். ராணுவச் செலவைக் குறைத்து, மிச்சத்தைப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுங்கள் என்று அரசுக்கு நானே எழுதிய மனு. எங்கள் தெருவே கையெழுத்துப் போடத் தயார். ஆனால் காஞ்சிபுரத்திலிருக்கும் என் தங்கை வசந்தா போடாமல் அனுப்புவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். அவள் மகன் எல்லையில் காவல் நிற்கிறான். பிள்ளையைப் படைக்கு அனுப்பியவள் ஒப்பாத மனுவை நான் எந்த முகத்தோடு நீட்டுவது?

பாலூர் தாண்டியதும் இடப்புறம் பாலாறு தெரிந்தது. மணல்தான் அதிகம், தண்ணீர் கொஞ்சம்.

ஒன்பதரைக்குக் காஞ்சிபுரம். கைலாசநாதர் கோயிலுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய்.

"பட்டுப் பொடவை எடுக்கவா சார்?"

"இல்லப்பா. தங்கச்சிகிட்ட கையெழுத்து வாங்க."

"சொத்து விஷயமா? பாத்துப் பேசுங்க சார்," என்று எனக்காகக் கவலைப்பட்டார் ஓட்டுநர்.

தங்கை வீடு இருக்கும் பிள்ளையார்பாளையம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நேரே போகத் தைரியம் வராமல் கோயிலுக்குள் நுழைந்தேன். மணற்கல் சிங்கங்களைத் தாண்டிப் போனால், ஒரு தூணில் கன்னட எழுத்து. பல்லவப் படை ஒரு காலத்தில் கன்னட நாட்டு வாதாபியைச் சூறையாடியது. நூறு வருஷம் கழித்து அந்த ஊர் அரசன் காஞ்சியைப் பிடித்தான். பழிக்குப் பழி என்று இடித்துத் தள்ளியிருக்கலாம். கோயிலைப் பார்த்து மலைத்துப்போய், அதன் பொன்னைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று அந்தக் கல்லில் இருப்பதாகப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தை வரி வரியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

பதினோரு மணிக்கு வசந்தா வீடு. கணவனும் மனைவியும் கோர்வைத் தறியில் இருந்தார்கள். கோர்வை என்றால் புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மாப்பிள்ளை குமரேசன் உடலுக்கான நாடாவை, அதாவது இழை சுற்றிய ஓடத்தை, எறிவார், வசந்தா வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை எறிவாள். இரண்டு இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் இடத்தில் இருவரும் ஒரே அளவு இழுக்க வேண்டும்.

மனுவைப் படித்துக் காட்டினேன். அவள் முகம் மாறியது.

"ஏண்ணா, என் புள்ள அங்க காவல் காத்துக்கினு இருக்கறான். அவன் கைல இருக்கறதைப் புடுங்கச் சொல்றியா?"

"அவன் பத்திரமா வீடு திரும்பணும்னுதாம்மா."

"எதிர்ல இருக்கறவன் துப்பாக்கி வெச்சிக்கினு இருப்பான், இவன் மட்டும் வெறுங்கையோட நிக்கணுமா?"

கோபத்தில் அவள் இழையை வெடுக்கென்று இழுத்தாள். பதிலுக்கு மாப்பிள்ளையும் இழுத்தார். அவள் இன்னும் இழுத்தாள். நாலு எறிவில் கரை நெளிந்துவிட்டது.

மாப்பிள்ளை தறியை நிறுத்தினார். "இன்னா வசந்தா இது? நீ இழுத்தா நானும் இழுப்பேன். துணிதான் பாழாப் போவும்."

"நான் மட்டும் வுட்டா உன் பக்கம் சாஞ்சிடுமே!"

"உன்னை மட்டும் யாரு வுடச் சொன்னா? ரெண்டு பேரும் ஒண்ணா வுடுவோம். கொஞ்சம் கொஞ்சமா."

நாலு வரிசையைப் பிரிக்க அரைமணி நேரம் ஆனது. அவள் விரலை அவர் பார்க்க, அவர் விரலை அவள் பார்க்க, மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினார்கள். ஒரு பட்டிழைகூட அறுபடவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லக் கிளம்பியவன் இதை எழுதாமல் விட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

வசந்தா எழுந்து வந்தாள். "ரெண்டு பக்கமும் பேசி, ஒண்ணா குறைக்கணும்னு எழுதுண்ணா. அப்ப போடறேன்."

எழுதினேன். முதல் வரியைக் காலியாக விட்டு, இரண்டாவது வரியில் தன் பெயரை எழுதினாள்.

"மேல ஏம்மா வுட்டுட்ட?"

"அந்தாண்ட நிக்கறானே ஒருத்தன், அவனுக்கும் அம்மான்னு ஒருத்தி இருப்பா இல்ல? அவ போடட்டும்."

மாலை நாலரை ரயிலில் திரும்பினேன். காகிதத்தை மடித்துப் பையில் வைக்க மனம் வரவில்லை. எதிர் இருக்கைக்காரர் என்ன அது என்று கேட்டார். இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி, விலாசம்தான் தெரியவில்லை என்றேன்.