இளவரசியின் மூன்று டிஸ்க்குகள்

ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் இளவரசி உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. மீனவர் சங்கத்தின் கணினி அறைக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே நாற்காலியும் உண்டு. ஆனால் நின்றுகொண்டே தட்டுவாள், நடுவில் வெளியே போய்க் காற்றைப் பார்ப்பாள், திரும்பி வந்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையாவது நிறுத்தி மறுபடி ஓடவிடுவாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மூன்று வருடம் சர்வர்களைக் கவனித்தவள். துறைமுகம் வேண்டாமென்று கொடி பிடித்த ஊர்தான் அவளை அந்த வேலைக்குப் படகேற்றி அனுப்பியது. அங்கே கற்றதை வைத்துத்தான் சங்கத்தின் பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. இதில் முரண் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கணினிக்குள் மூன்று டிஸ்க்குகள். சின்னது லினக்ஸுக்கு. ஐந்நூறு ஜிபி கொண்டது ஊரின் கோப்புகளுக்கு. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய எண்பது ஜிபி ஸ்வாப்புக்கு. நினைவகம் போதாதபோது கணினி சரக்கை இறக்கிவைக்கும் இடம் அது. கோப்புகளில் முக்கியமானது பாடு பட்டியல்.

பாடு என்பது ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. சீட்டில் விழுந்த எண் விழுந்ததுதான். கடலில் முந்தியவனுக்கு மீன். ஏரியில் முந்தி வந்து ஒரு பயனும் இல்லை. தூங்கி எழுந்து வருபவனின் இடமும் அவனுக்காகக் காத்திருக்கும்.

இப்படி ஓர் ஊரில் பிறந்தவள், டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்ததும் அதைச் சீட்டில் விழுந்த எண்ணாகவே எடுத்துக்கொண்டாள். பி என்றால் ஸ்வாப், சி என்றால் ஊர்க் கோப்பு. உண்மையில் லினக்ஸ் கடல்காரன். கண்ணில் முதலில் படும் டிஸ்க்குக்கு ஏ, அடுத்ததற்கு பி. நேற்றைய பி இன்றைக்கும் பி-யாக இருக்கும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. போதாததற்கு, பழைய டிஸ்க்கின் மேல் நம்பிக்கை இல்லாமல், கணினி எழும்போதெல்லாம் பி-யைத் துடைத்துப் புதிதாக ஸ்வாப் போடும்படி நாலு வரி எழுதிவைத்தாள். சும்மா இருக்கத் தெரியாதவர்கள் எழுதும் நாலு வரி அப்படித்தான் இருக்கும். எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது, அதுதான் வினை.

சென்ற ஐப்பசியில் ஒரு காலை மின்சாரம் போய்ப் போய் வந்தது. அன்று நாலு மணிக்குப் பாடு கூட்டம். முகத்துவாரத்துப் பக்கத்து இடம் அடுத்து யாருக்கு என்பதில் தகராறு. பெருமாள் தனக்கு என்றார். இளவரசியின் கணவன் லோகேஷ் தனக்கு என்றான். காகிதப் பதிவேடு முந்தின வருட வெள்ளத்தில் கூழாகிவிட்டது. பட்டியல் இருந்தது கணினியில் மட்டும்.

பத்து மணிக்குக் கோப்புகளைத் திறந்தாள். காலி. ஸ்வாப் எவ்வளவு என்று பார்த்தாள். எண்பது இருக்கவேண்டிய இடத்தில் ஐந்நூறு. பழைய டிஸ்க் விழிக்கத் தாமதமாகி, ஊர் டிஸ்க் முந்திக்கொண்டு பி என்ற பெயரை வாங்கியிருக்கிறது. நாலு வரியும் சொன்ன சொல் தவறாமல் பி-யைத் துடைத்துவிட்டன. இறக்கிவைக்கும் சரக்கு மிச்சத்தையும் மூடிவிடாமலிருக்க, உடனே ஸ்வாப்பை அணைத்தாள்.

வாசலில் சங்கத் தலைவர் தனக்கோடி நின்றார்.

"இன்னா மருமவளே, பட்டியலு ரெடியா?"

"நாலு மணிக்குத்தான மாமா கூட்டம்?"

"பெருமாள் இப்பவே குதிச்சிக்கினு கீறான். பொட்டி பொண்டாட்டி கைல, ஞாயம் புருசனுக்குத்தான்னு பேச்சு வந்துடும்ன்றான்."

"வந்துடுச்சா, வரப்போவுதா?"

"அவன் வாய்ல வந்துடுச்சு. ஊர் வாய்ல சாயங்காலம் வரும்."

அவர் போனதும் லோகேஷ் வந்தான்.

"இன்னாமே, மூஞ்சி இப்டி கீது?"

"பட்டியல் போச்சு."

"போனா போவுது. புதுசா சீட்டு போடுவாங்க. நமக்கே விழுந்தாலும் விழும்."

"யோவ், நான்தான் அழிச்சேன்னு சொல்லுவாங்கய்யா!"

"நீதான அழிச்ச?"

அவள் நின்றபடியே தட்ட ஆரம்பித்தாள்.

துடைப்பு தின்றது டிஸ்க்கின் தலைப்பக்கத்தை, உள்ளே எது எங்கே என்று சொல்லும் பக்கத்தை, மட்டும்தான். அந்தப் பக்கத்தின் நகல்கள் உள்ளே தள்ளித் தள்ளி இருக்கும். அதில் ஒன்றைக் காட்டிக் கணினியிடம் பழுதுபார்க்கச் சொன்னாள். அது நாலு மணி நேரம் ஓடியது. நடுவில் மறுபடி மின்சாரம் போயிற்று, இன்வெர்ட்டர் முனகியது. இளவரசி கரைக்கும் அறைக்குமாகப் பதினோரு தடவை நடந்தாள். செய்ய ஒன்றும் இல்லாத வேலை என்பதால் அது அவளுக்கு மிகக் கடினமான வேலை.

இரண்டரைக்குப் பட்டியல் திரும்பியது. முகத்துவார இடம், அடுத்த முறை: பெருமாள். லோகேஷ் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான்.

"அழிஞ்சே போயிருக்கலாம்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. அழிக்கட்டா?"

அவன் பிரிண்டரில் காகிதத்தைச் செருகினான். "பிரிண்ட் போடு, போ," என்றான்.

மிச்ச நேரத்தில் நாலு வரியைத் திருத்தினாள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் முப்பத்தாறு எழுத்தில் அதற்கே உரிய அடையாளம் எழுதியிருக்கும். முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் அது மாறாது. பி, சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த அடையாளங்களை எழுதினாள். ஒரு சிக்கல்: புதிதாகத் துடைத்தால் ஸ்வாப்பின் அடையாளமும் புதிதாகிவிடும். ஆகவே இனி துடைக்கக் கூடாது, சும்மா விடவேண்டும். துடைக்கும் அந்த ஒரு வரியை நீக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

கூட்டத்தில் தனக்கோடி பட்டியலைப் படித்தார். பெருமாள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். தான் கேட்டதே கிடைத்ததில் ஏதோ சூது இருக்கும் என்று அவருக்குப் பட்டது. அப்போது இளவரசி முன்னே வந்து, காலையில் தன் தவறால் இது அழிந்து திரும்பியது என்று சொல்லிவிட்டாள்.

"சொல்லாம இருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே," என்றார் பெருமாள், குற்றம் சொல்லும் குரலில்.

பட்டியலின் ஒரு நகல் பென்டிரைவில் பெருமாள் வீட்டில் இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று. அவர் வீட்டில் கணினி கிடையாதே என்று யாரோ கேட்டார்கள்.

"அதனாலதான்டா அங்க வெக்கிறோம்," என்றார் தனக்கோடி.