கிணற்றுக்குள் ஓடியவள்

என் மனைவியின் கணுக்கால் மடங்கியதற்குக் காரணம் ஒரு பஸ் டிரைவரின் நல்ல மனசு. கீரனூரில் திருச்சி ரோட்டோரமாக விடியற்காலையில் ஒரு பெண் ஓடினால், பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுகிறாள் என்பது எங்கள் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. பின்னால் வந்த பஸ் அவளைத் தாண்டி ஓரம்கட்டி நின்றது. அதன் மேல் மோதாமலிருக்க அவள் தாரிலிருந்து சரளைக்கு இறங்கினாள், விழுந்தாள். கண்டக்டர் இறங்கி வந்து தூக்கிவிட்டு, "இதுக்குத்தான் அஞ்சு நிமிசம் முன்னாடியே கெளம்பணும்ங்கிறது" என்று புத்தியும் சொன்னாராம்.

திருச்சியில் அரை மாரத்தானுக்கு அப்போது பதினெட்டு நாள் இருந்தது. இருபத்தோரு கிலோமீட்டரும் கொஞ்சமும். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்து நாலு வயது. ஏழு மாதமாக நாலரை மணிக்கு எழுந்து ஓடிப் பழகியதெல்லாம், முழுத் தூரத்தையும் ஒரு தடவையாவது முடித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக. ஓட்டத்தைப் பற்றி நான் அரை அலமாரி படித்திருக்கிறேன். பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. அந்தத் தகுதியில் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், எட்டாம் வகுப்பில் விடைத்தாள் வாங்கியது ஞாபகம் வந்தது.

எலும்பு முறியவில்லை, தசைநார்தான் லேசாகக் கிழிந்திருக்கிறது, இரண்டு வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். தண்ணீருக்குள் ஓடலாமா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீக்கம் வடிந்த பிறகு, கால் தரையில் படாமல் என்றால் சரி என்றார்.

முதல் ஐந்து நாள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். எண்ணெய் போட்டு நீவிவிட வந்த சொந்தக்காரர்களை வாசலோடு காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. ஆறாம் நாள் என் மைத்துனரின் வயல் கிணற்றில் இறங்கினாள். நன்றாக நீந்தத் தெரிந்தவள், நீச்சல் பழகும் பிள்ளையைப் போல முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் நிமிர்ந்து நின்று கைகால்களை வீசினாள். ஒரு மணி நேரம். சுற்றிச் சுற்றி. நான் மேலே போனில் நேரம் பார்த்துக் களைத்தேன்.

கிணற்றில் இறங்கிய மூன்றாம் நாள் பக்கத்து வயல்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, தங்கச்சி இந்த வயசுலயா நீச்சப் பழகுது?"

"ஓடுறேண்ணே" என்றாள் அவள் உள்ளிருந்து.

"கெணத்துக்குள்ளயா?"

"ரோட்டுல ஓடக் கூடாதுன்னுட்டாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள் டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். நடக்கலாம், ஓடினால் தசைநார் மறுபடி கிழியும் என்றார். வெளியே வந்ததும் அவள் கணக்குப் போட்டாள். மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு முழுசாகப் பத்து நிமிடம்கூடக் கிடையாது. "நடந்தே போயிரலாம்" என்றாள், கடைத்தெருவுக்குப் போவதைப் போல.

கடைசி இரண்டு கிலோமீட்டரில் நான் சேர்ந்துகொண்டேன். அவள் நடந்தாள். பக்கத்தில் போக நான் ஓட வேண்டியிருந்தது. எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். முடிவுக்கோட்டின் அலங்கார வளைவு தெரிந்தபோது முந்நூறு மீட்டர் இருந்தது. கடிகாரத்தில் மூன்று நிமிடம் பாக்கி. ஓரத்தில் நின்றவர்கள் ஓடச் சொல்லிக் கை தட்டினார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. "ஒரு அம்பது மீட்டர் ஓடிரு. டாக்டரு என்ன, வந்து பாக்கவா போறாரு?"

"நான் பாக்குறேன்ல. பேசாம வாங்க."

ஓடவில்லை. ஒரு எட்டுகூட. முடிவுக்கோட்டைத் தாண்டும்போது ஒன்பது வினாடி மிச்சமிருந்தது.

மெடலைக் கழுத்தில் போட வந்த பெண்ணிடம் முதலில் ஒரு நாற்காலி கேட்டாள். உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, கணுக்காலைச் சுற்றி விரலால் அமுக்கிப் பார்த்தாள். வீங்கியிருக்கவில்லை. அப்புறம்தான் கழுத்தை நீட்டினாள்.